எரியப்போகிற ஆயில்

"மாமா, சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க, எந்த ஆயில் ஊத்தட்டும்?"

அக்கா மகன் துபாயிலிருந்து இப்படிக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. அப்போது நான் முள்ளோடையில் பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எல்லை தாண்டிப் புதுச்சேரி மண்ணில் பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்புவது கடலூர்க்காரர்களுக்குக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவது மாதிரி. முன்னால் நான்கு வண்டி, பின்னால் ஒரு குட்டி யானை ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது, காதில் இவன். பழைய மஸ்தா ஆர்எக்ஸ்-8 ஒன்றை வாங்கிவிட்டானாம், பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுற்றுகிற ரோட்டரி எஞ்சின் கார். சிவப்பு நிறம், 2008 மாடல். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிட்டேன்.

ஏதாவது ஒரு பிராண்டு பெயரைச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே வாங்கி ஊற்றியிருப்பான். சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அதே கேள்வியை நானும் ஷார்ஜாவில் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன், கிடைத்த ஒவ்வொரு பதிலுக்கும் திர்ஹாம் கொடுத்திருக்கிறேன். கடைசியில் எனக்குப் பதில் கிடைத்த இடம் ஷார்ஜா இல்லை. மஞ்சக்குப்பத்தில், ஒரு தகரக் கொட்டகையில், ரோட்டரி எஞ்சினைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவரிடமிருந்து கிடைத்தது. அதை ஒரு வார்த்தையில் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் ஒரு ஆர்எக்ஸ், ஷார்ஜாவில் ஒரு ஆர்எக்ஸ்

அப்பாவிடம் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 இருந்தது. இப்போதும் இருக்கிறது, அப்பாதான் இல்லை. மஞ்சக்குப்பத்திலிருந்து நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு அதில்தான் தினமும் போய்வருவார். 98 சிசி, 11 குதிரைத்திறன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்னால் வண்டியைத் திண்ணையோரம் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "டீ கலர்ல இருந்தா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்பார். கறுப்பாக ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம், வெளுத்துக் கிடந்தால் சூடு அதிகம். எஞ்சின் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

ஷார்ஜாவுக்குக் கணக்கு எழுதும் வேலைக்குப் போனது 2008-இல். மூன்று வருடம் கழித்து, கையில் கொஞ்சம் சேர்ந்தபோது, 2006 மாடல் ஆர்எக்ஸ்-8 ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். இந்தியாவில் அந்தக் கார் விற்பனைக்கே வந்ததில்லை. ஏன் அதை வாங்கினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு தடவை ஓட்டிக் காட்டினேன். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் 9,000-ஐ நோக்கி ஏறும்போது அதிர்வே இல்லாமல் ஒரு ரீங்காரம் மட்டும் உயர்ந்துகொண்டே போகும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டுக்கும் ஆர்எக்ஸ் என்று பெயர் வந்தது தற்செயல். ஆனால் உள்ளே இருக்கும் உறவு தற்செயல் இல்லை. அப்பாவின் டூ-ஸ்ட்ரோக்கில் சாதாரணக் காரில் இருப்பது மாதிரி வால்வு கிடையாது, பிஸ்டனே மேலும் கீழும் போகும்போது போர்ட்டுகளை, அதாவது பெட்ரோல் உள்ளே வந்து புகை வெளியே போகும் துளைகளை, திறந்து மூடும். ரோட்டரியிலும் அந்த மாதிரி வால்வு கிடையாது, இடுப்பு சிறுத்த நீள்வட்டம் போன்ற அறைக்குள் சுற்றுகிற முக்கோண ரோட்டர் தன் பக்கவாட்டாலேயே போர்ட்டைத் திறந்து மூடிக்கொள்ளும். சாதாரணக் காரில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பொறி விட்டால் போதும். டூ-ஸ்ட்ரோக்கிலும் ரோட்டரியிலும் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் விட வேண்டும். 9,000 சுற்றில் என்றால் விநாடிக்கு 150 பொறி. அப்புறம் முக்கியமான ஒற்றுமை, இரண்டுமே ஆயிலை வேண்டுமென்றே எரிக்கிற எஞ்சின்கள். மற்றக் கார்களில் ஆயில் குறைந்தால் கோளாறு. ரோட்டரியில் ஆயில் குறையாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ஏன் எரிக்கிறது என்றால், முக்கோணத்தின் மூன்று முனையிலும் ஏபெக்ஸ் சீல் என்று ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. ஆர்எக்ஸ்-8-இல் அது 80 மில்லிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டர் தடிமன், ஒரு பல்பம் போல இருக்கும். அறையின் சுவரை உரசிக்கொண்டே ஓடுவது அதன் வேலை. அந்த உரசலுக்கு ஆயில் வேண்டும், அங்கே ஆயில் போனால் பெட்ரோலோடு சேர்ந்து எரியத்தான் செய்யும். ரோட்டரியின் வரலாறே இந்தப் பட்டையின் வரலாறுதான். ஃபீலிக்ஸ் வாங்கெல் தொடங்கிவைத்த எஞ்சினை நம்பி என்எஸ்யூ நிறுவனம் 1967-இல் ரோ 80 காரைக் கொண்டுவந்தது, சீல் தேய்ந்து எஞ்சின் மாற்றி மாற்றியே பெயர் கெட்டது. அதே வருடம் மஸ்தா காஸ்மோ ஸ்போர்ட்டைக் கொண்டுவந்தது. கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியது சீல் உரசி உரசி அறைச் சுவரில் விழுந்த கீறல்களோடுதான். பிசாசின் நகக்கீறல் என்று அவர்கள் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

இருபது-ஐம்பதா, ஐந்து-முப்பதா

கார் வாங்கிய முதல் மாதமே ஆயில் சண்டைக்குள் விழுந்துவிட்டேன். அமெரிக்காவில் விற்ற ஆர்எக்ஸ்-8-இன் கையேட்டில் ஆயிலின் கெட்டி அளவு 5டபிள்யூ-20 என்று இருக்கும். வேறு பல நாடுகளின் கையேட்டில் 5டபிள்யூ-30. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் விட்ட ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் கேட்டுச் சிரித்தார்கள். "இந்த வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஆயிலா சார்" என்று 20டபிள்யூ-50 கேனைத் தூக்கிக் காட்டினார்கள். ஐம்பது டிகிரியைத் தொடும் ஊரில் அந்தப் பேச்சு நியாயமாகவே பட்டது. ஆனால் பின்னால் வரும் எண் 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்வது. வெளியே வெயில் எவ்வளவு என்பதற்கும் அதற்கும் நேரடி உறவு இல்லை. எஞ்சின் தன் சூட்டில் ஓடுகிறது, ரேடியேட்டரும் ஆயில் கூலரும் ஒழுங்காக இருந்தால் ஷார்ஜாவிலும் ஊட்டியிலும் அந்தச் சூடு பெரிதாக மாறப்போவதில்லை. பேரிங்குக்குக் கொஞ்சம் கெட்டி ஆயில் நல்லது என்று 5டபிள்யூ-20-ஐ விட்டு 5டபிள்யூ-30-க்கும் மேலே 40-க்கும் போகிறவர்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மூலைமுடுக்கெல்லாம் ஆயில் ஓடிச் சேர வேண்டுமே, குளிர்ந்த ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்வது முன்னால் வரும் எண், அது சின்னதாக இருப்பதுதான் நல்லது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

அடுத்த சண்டை கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்த மினரலா, செயற்கையாகத் தயாரித்த சிந்தெடிக்கா என்பது. ரோட்டரிக்குச் சிந்தெடிக் ஆகாது, அது சரியாக எரியாது, பிசினாக ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. நானும் முதலில் தீவிர மினரல் கட்சி. அப்புறம் 1991 லெ மான்ஸ் பந்தயத்தைப் பற்றிப் படித்தேன். 55-ஆம் எண் மஸ்தா 787பி, நான்கு ரோட்டர், 24 மணி நேரம் ஓடி முதலாவதாக வந்த கார். லெ மான்ஸை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மஸ்தா. அந்த எஞ்சினுக்குள் ஓடியது இடெமிட்சு நிறுவனத்தின் சிந்தெடிக் ஆயில். அதைப் படித்தவுடன் கட்சி மாறி, இருப்பதிலேயே விலை கூடிய சிந்தெடிக்கை ஊற்றினேன். கூடவே அந்த ஒர்க்‌ஷாப்பில் சொன்னபடி பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்று இருந்துவிட்டேன். விலை கூடிய ஆயில் நீண்ட நாள் வரும் என்பது யோசிக்காமலே மனசில் உட்கார்ந்துவிடுகிற கணக்கு.

2012 கோடை முடியும்போது வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக எடுக்கும். சூட்டோடு நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. ஏறும்போது ஒரு இடத்தில் விக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஆறு மாதத்துக்கு முன்தான் நான்கு பிளக்கும் புதிது போட்டதாக பில் என்னிடம் இருந்தது, அதனால் பிளக் மேல் சந்தேகமே வரவில்லை. "ஆயில் செட் ஆகல சார், வேற பிராண்டு பாக்கலாம்" என்றார்கள். பார்த்தோம். அதற்கடுத்து இன்னொன்றும் பார்த்தோம்.

பேப்பரில் நான்கு பிளக்

2013 பொங்கலுக்கு ஊருக்கு வரும் முன் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிளக்குகளை நானே கழற்றினேன். ஆர்எக்ஸ்-8-இல் முன்னும் பின்னுமாக இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக். பிளக் மேலே இருக்காது, எஞ்சினின் இடது பக்கவாட்டில் இருக்கும். முன் இடது சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சக்கரக் குழி வழியாகக் கையை விட வேண்டும். முன் ரோட்டரின் இரண்டு பிளக்கும் சுலபமாக வந்துவிட்டன. பின் ரோட்டரின் இரண்டும் உள்ளே தள்ளி, கைக்கு எட்டி எட்டாத இடத்தில். எக்ஸ்டென்ஷன் போட்டு மெல்ல மெல்லக் கழற்றினேன். ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒட்டுத்தாள் ஒட்டி, முன் மேல், முன் கீழ், பின் மேல், பின் கீழ் என்று பேனாவால் எழுதினேன். புதிய செட் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, பழைய நான்கையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துவந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பிளக்கைக் கழற்றினால் அதை ஒருவரிடம் காட்ட வேண்டும் என்பது சிறு வயதிலிருந்து வந்த பழக்கம். அப்பாவிடம் காட்ட முடியாது. அப்பாவின் வண்டியைப் பழுதுபார்த்த மெக்கானிக் அண்ணனிடம் காட்டலாம்.

அந்த அண்ணனின் பட்டறை மஞ்சக்குப்பத்தில் ஒரு சந்துக்குள். தானே புயலில் கூரை பறந்துபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது, புதுத் தகரம் போட்டிருந்தார். பொங்கலுக்கு முந்தின நாள் என்பதால் வேலை அதிகம் இல்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து டீ சொல்லிவிட்டு, ஸ்டூல் மேல் பழைய தினசரி ஒன்றை விரித்து, நான்கு பிளக்கையும் வரிசையாக வைத்தேன். அவர் பழக்கத்தில் கம்பி பிரஷ்ஷை எடுத்துவிட்டார். "அண்ணே, வேணாம். இதுல முனை இரிடியம். ஊசி மாதிரி இருக்கும், பிரஷ் போட்டா போயிடும்" என்றேன். பிரஷ்ஷை வைத்துவிட்டு, பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். எண்ணைப் படித்தார். கீழ் பிளக்குகளில் ஆர்இ7சி-எல், மேல் பிளக்குகளில் ஆர்இ9பி-டி. "ஒரே எஞ்சின்ல ஏன் ஏழும் ஒம்போதும்?" என்று கேட்டார். என்ஜிகே பிளக்கில் எண் பெரிதாக ஆக ஆக பிளக் குளிர்ந்தது என்று பட்டறைக்காரர்களுக்குத் தெரியும், அதனால்தான் அந்தக் கேள்வி.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ரோட்டரியில் எரிகிற அறை நீண்டு தட்டையாக நகர்ந்துகொண்டே இருப்பது, ஒரு பொறி போதாது. கீழே இருக்கும் பிளக் பெரும்பாலான வேலையைச் செய்யும், அதுதான் எல், லீடிங். மேலே இருப்பது மிச்சத்தைப் பற்றவைக்கும், அது டி, டிரெய்லிங். மேல் பிளக்கின் துளையைச் சீல் கடக்கும்போது முன்னறைக்கும் பின்னறைக்கும் அழுத்த வித்தியாசம் அதிகம், துளை பெரிதாக இருந்தால் அது வழியாகக் கசிந்துவிடும், அதனால் அந்தத் துளையை மட்டும் சிறியதாக வைத்திருக்கிறார்கள். எந்தப் பிளக்கும் அறைக்குள் துருத்தக் கூடாது, துருத்தினால் சீல் வந்து இடிக்கும். அதனால் இரண்டு பிளக்கும் வேறு வேறு, ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அப்புறம் முன் கீழையும் பின் கீழையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.

"தம்பி, இது ரெண்டும் ஒண்ணா போட்டதா?"

"ஆமாண்ணே. நாலும் ஒண்ணாதான். பில் இருக்கு."

"பில்லு இருக்கும். பிளக்கு அப்படிச் சொல்லலையே."

கையில் கொடுத்தார். முன் ரோட்டர் பிளக்கில் நடு ஊசி கூர்மையாக நின்றது, இடைவெளி சரியாக இருந்தது. பின் ரோட்டர் பிளக்கில் ஊசி தேய்ந்து மழுங்கிப் பீங்கானோடு பீங்கானாக இறங்கியிருந்தது, இடைவெளி கண்ணுக்கே தெரியும்படி அகன்றிருந்தது. மரையில் பழைய துரு. ஆறு மாதப் பிளக் இல்லை அது. கைக்கு எட்டுகிற முன் இரண்டை மட்டும் மாற்றிவிட்டு, எட்டாத பின் இரண்டையும் அப்படியே விட்டு, நான்குக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். ஷார்ஜாவில் அந்தக் காரை வைத்துக்கொண்டு நான் ஆயில் பிராண்டு மாற்றிக்கொண்டிருந்த மாதங்களெல்லாம் பின் ரோட்டர் பாதிப் பொறியில் ஓடியிருக்கிறது. இடைவெளி அகன்றால் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அந்தக் காரில் ஒவ்வொரு பிளக்குக்கும் அந்த வோல்டேஜைக் கொடுக்கிற ஒரு காயில், அவை ஏற்கெனவே சீக்கிரம் சோர்ந்துபோவதற்குப் பேர்போனவை. காயில் சோர்ந்தால் பெட்ரோல் எரியாமல் வெளியே போகும், போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். கன்வெர்ட்டர் உருகி அடைத்தால் சூடு எஞ்சினுக்கே திரும்பும், அதற்கு அடுத்து போவது ஏபெக்ஸ் சீல். தேய்ந்த இரண்டு பிளக்கிலிருந்து எஞ்சின் போவது வரை நாலே படி.

அது முதல் விஷயம். இரண்டாவதைச் சொல்லும் முன் டீ வந்தது. அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, நான்கு பிளக்கின் அடியிலும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்த வெளிர் சாம்பல் நிறப் படிவை நகத்தால் சுரண்டினார். கரி மாதிரிப் பொடியாக வரவில்லை, சுண்ணாம்புக் காரை மாதிரி சில்லாகப் பெயர்ந்தது.

"இத எங்க பாத்துருக்க சொல்லு."

எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. அவருக்கு வந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி ஆயில் கிடைக்காமல், வீட்டில் மிச்சமிருந்த கார் ஆயிலை அப்பா வண்டியின் ஆயில் டேங்கில் ஊற்றிவிட்டேன். ஆயில்தானே என்று நினைத்தேன். சில வாரம் கழித்துக் கெடிலம் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. தள்ளிக்கொண்டே இதே பட்டறைக்கு வந்தேன். பிளக்கைக் கழற்றினால் இரண்டு முனைக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பாலம் கட்டியிருந்தது. பொறி தாண்ட இடமே இல்லை. அப்பா அன்றைக்குத் திட்டவில்லை, அந்தப் பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து ஒரு வாரம் மேஜை மேல் வைத்திருந்தார்.

"கார் ஆயிலு உள்ள இருந்து சுத்துறதுக்கு செஞ்சது தம்பி. அதுல போட்டுருக்கற மருந்தெல்லாம் அழுக்கக் கழுவ, தேய்மானத்தத் தடுக்க. எரிஞ்சா சாம்பல்தான் மிஞ்சும். டூ-டி ஆயிலு எரியறதுக்கே செஞ்சது. சுத்துற ஆயிலு வேற, எரியற ஆயிலு வேற. உன் வண்டி ரெண்டுக்கும் ஒரே கேன்லேர்ந்து எடுக்குது. அப்பறம் எந்தக் கேனுன்னு கேட்டா என்னா சொல்றது?"

டீ கிளாஸைக் கீழே வைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை வருடமாக நான் கேட்டதெல்லாம் எந்த ஆயில் நன்றாகக் காக்கும் என்பது. அந்த ஆயில் எப்படிச் சாகும் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. ரோட்டரியில் அடித்தொட்டியிலிருக்கும் ஆயிலையே ஒரு சிறு பம்ப் அளந்து எடுத்து அறைக்குள் விடுகிறது. அந்த ஆயில் பேரிங்கைக் காக்கும்வரை ஒரு வாழ்க்கை, சீலுக்கு வந்தபின் இன்னொரு வாழ்க்கை, அது சில கணம்தான். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிப் பெட்ரோல் கலந்து கறுத்துப்போன ஆயிலைத்தான் நான் என் சீல்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அதன் கேன் மேல் என்ன விலை எழுதியிருந்தால் என்ன?

திரும்பிப் போன பிறகு

ஷார்ஜாவுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக நான்கு காயிலையும் மாற்றினேன். ரோட்டரிக்கென்றே இருக்கும் கருவி வைத்திருந்த ஓர் இடத்தைத் தேடிப்பிடித்து கம்ப்ரஷன், அதாவது அறை எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்த்தேன். சாதாரணக் கருவி ஒரு எண்ணைத்தான் காட்டும், ரோட்டருக்கு மூன்று முகம், மூன்று எண் வேண்டும். பின் ரோட்டர் முன்னதைவிடச் சற்றுக் கீழே இருந்தது, கைவிட்டுப் போகிற அளவுக்கு இல்லை. அந்த எண்களைப் பார்த்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

ஆயிலுக்கு 5டபிள்யூ-30, சாதாரண விலையில் நல்ல பெயருள்ள எது கிடைத்ததோ அது. ஐயாயிரம் கிலோமீட்டரில் தவறாமல் மாற்றம். அந்தத் தவறாமல் என்பதுதான் இங்கே மருந்து. கூடவே, சாம்பல் குறைவான நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில், ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரம், லிட்டருக்கு ஐந்து மில்லி கணக்கில் பெட்ரோல் டேங்கிலேயே ஊற்றினேன். பழைய ஸ்கூட்டர்களுக்கு லிட்டருக்கு இருபது மில்லி ஊற்றின காலம் ஞாபகம் இருப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பம்ப் தன் வேலையைத் தொடர்ந்து செய்யட்டும், எரிவதற்கென்றே செய்த ஆயில் கொஞ்சம் சீலுக்குப் போகட்டும் என்பதுதான் கணக்கு. பம்பை அடைத்துவிட்டுக் கலவையை மட்டும் நம்புகிறவர்களும் உண்டு. நான் அதைச் செய்ய மாட்டேன், ஒரு நாள் கலக்க மறந்தால் சீல் வறண்டு ஓடும். தனி டேங்க் வைத்து அந்தப் பம்புக்குச் சுத்தமான டூ-ஸ்ட்ரோக் ஆயிலையே கொடுக்கிற ஏற்பாடும் இருக்கிறது, அடித்தொட்டி ஆயிலுக்குப் பேரிங் மட்டும்தான் வேலை என்று ஆகிவிடும். மஞ்சக்குப்பத்து அண்ணன் சொன்னதன் முழு விடை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு அதற்கு வசதிப்படவில்லை.

இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக் பார்த்தேன். எனக்கு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டர் போல இறங்கும். பிளக் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை, கழற்றி மாட்டுவது நானேதான், பின் ரோட்டரில்தான் ஆரம்பிப்பேன். அடுத்த முறை கழற்றியபோது அந்தக் காரைப் படிவு மெல்லிய படலமாகத்தான் இருந்தது. சூட்டில் எடுக்கும்போது இரண்டு சுற்றில் பிடித்தது. 2016-இல் ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பும்போது, வாங்கியவரிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சாவியோடு கொடுத்தேன். ஓடுகிற எஞ்சினோடுதான் கொடுத்தேன், அதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது.

நேற்று ராத்திரி அக்கா மகனைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். எந்தப் பிராண்டு என்று அவன் இரண்டு முறை திரும்பக் கேட்டான், 5டபிள்யூ-30-இல் உனக்குப் பக்கத்துக் கடையில் எப்போதும் கிடைக்கிறது எதுவோ அது, ஐயாயிரத்தில் மாற்று என்றேன். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து நாலடி நகர்த்திவிட்டு உடனே நிறுத்தாதே, பிளக் பெட்ரோலில் முங்கிவிடும், சூடாகும்வரை ஓடவிடு என்றேன். அது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, கேட்கச் சந்தோஷமாக இருந்தது. "பிளக் புதுசுதான் மாமா, வித்தவர் பில் குடுத்துருக்காரு" என்றான்.

எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தேன். அப்பா மேஜை மேல் வைத்திருந்த ஆர்எக்ஸ் 100 பிளக் அதில்தான் இருக்கிறது, ஷார்ஜா பிளக் நான்கும் அதோடு கிடக்கின்றன. ஒட்டுத்தாள் பழுப்பேறிவிட்டது, எழுத்து இன்னும் படிக்க வருகிறது. முன் கீழையும் பின் கீழையும் மேஜை விளக்குக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். இன்று காலை பதில் வந்திருந்தது. "வெள்ளிக்கிழமை வீல் கழட்டறேன் மாமா. வீடியோ கால்ல இருங்க."